லோவ்ரோவின் இடம்

பெருநகரத்தின் ஓரத்தில் இருக்கிற எங்கள் செஸ்வெத்தேயில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற வீடுகளில் பாதிக்குமேல் வெளிப்பூச்சு கிடையாது. உள்ளே போனால் தரையெல்லாம் பளபளவென்று ஓடு, குளியலறையில் ஜெர்மன் குழாய், சன்னலுக்கு லேஸ் திரை. வெளியே மட்டும் செங்கல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். கேட்டால், அடுத்த கோடையில் பூசிவிடுவோம் என்பார்கள். அந்தக் கோடை வந்தபாடில்லை. ஸ்வோன்கோ கிழவரின் வீடும் அந்த ரகம்தான். கீழ்த்தளத்தில் கிழவர். மேலே மகன் டலிபோர், மருமகள் மிரேலா, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். மேல்தளம் கட்ட வங்கியில் வாங்கிய கடன் மட்டும் மாதம் பிறந்தால் தவறாமல் கதவைத் தட்டும்.

டலிபோர் ஓடு பதிக்கிறவன். வேலை இருந்தால் முழங்கால் தேய உழைப்பான். இல்லாவிட்டால் அந்த முழங்காலைத் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். அந்த வீட்டுக்கு நிலையாக வந்தது மிரேலாவின் சம்பளம்தான். அவள் எந்த வேலைக்கும் போகவில்லை. வீட்டில் இருந்து பிள்ளை வளர்த்ததற்குத்தான் அந்தச் சம்பளம்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மூன்று பிள்ளையோ அதற்கு மேலோ பெற்று, வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருந்து வளர்க்கிற தாய்க்கோ தகப்பனுக்கோ மாதாமாதம் பணம் என்று நகராட்சி ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. இனாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஓய்வூதியக் கணக்கில்கூட அது சேரும். முக்கியமான நிபந்தனை, வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளையைப் பாலர் பள்ளிக்கு அனுப்பக் கூடாது. வளர்க்கத்தானே காசு கொடுக்கிறோம், பிறகு எங்கள் பள்ளியில் கொண்டுவந்து விடுவானேன் என்பது அவர்கள் கட்சி. அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது.

மிரேலா அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தாள். நிரந்தர வேலை. எங்கள் பக்கத்தில் நிரந்தர வேலை என்றால் வங்கிக்காரனே எழுந்து நாற்காலி போடுவான். கடைசிப் பையன் லோவ்ரோ பிறந்து, பிரசவ விடுப்பு முடிகிற சமயத்தில் அவள் அந்த வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தலைமைச் சமையல்காரி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து சண்டை போட்டாள்.

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடி? நாளைக்கு அவனுங்க நிறுத்திட்டா எங்க போய் நிப்ப?"

"எழுத்துல போட்டுருக்காங்க. போட்டதை எப்படி நிறுத்துவாங்க?" என்றாள் மிரேலா. என்ன வெள்ளந்தி பாருங்கள்.

ஆனாலும் அந்தச் சம்பளம் வந்த வருஷங்கள் அவளுக்கு நல்ல வருஷங்கள்தான். காசுக்காக மட்டும் சொல்லவில்லை. மூத்தவள் பெட்ராவும் அடுத்தவள் யானாவும் கைக்குழந்தைகளாக இருந்தபோது, கிழவர் மதியத் தூக்கம் கலைந்து மேலே ஏறி வந்து, "நாள் பூரா வீட்ல அப்படி என்னதாம்மா பண்ற?" என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் கேட்கிறதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். அதுதான் இன்னும் வலிக்கும். முதல் சம்பளம் வந்த மாதத்தோடு அந்தக் கேள்வி நின்றது. அவள் படிக்கட்டைத் துடைத்திருந்தால் கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். சீட்டாட வந்த கூட்டாளிகளிடம், "சத்தம் போடாதீங்கடா, மருமக டியூட்டில இருக்கா" என்றார். கேலிதான். கேலியானாலும் செருப்பைக் கழற்றினாரே. மிரேலா கடைத்தெருவில் நிமிர்ந்து நடந்தாள். யாராவது என்ன வேலை என்று கேட்டால், "வீட்ல இருக்கேன்" என்று முனகுவதை விட்டுவிட்டு, "பிள்ளை வளக்கிற வேலை" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இதில் ஒரே ஒரு முள். லோவ்ரோவுக்கு நாலு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை.

காது நன்றாகக் கேட்கும். புத்திக்கும் குறைவில்லை, அக்காக்கள் ஒளித்துவைத்த சாக்லேட்டை மோப்பம் பிடித்து எடுத்துவிடுவான். வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவான். வேண்டாததற்கு முகத்தைத் திருப்பிக்கொள்வான். வாயைத் திறந்தால் "ம்ம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது. டாக்டர் பார்த்துவிட்டு, "மத்த பிள்ளைங்களோட சேரட்டும். பாலர் பள்ளியில பேச்சுக் குழுன்னு ஒண்ணு இருக்கு, தனி டீச்சர் இருக்காங்க. பேரைக் குடுத்து வைங்க" என்றார். மிரேலா பெயரைக் கொடுத்து வைத்தாள். காத்திருக்கிறவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது எங்கே கிடைக்கப்போகிறது என்று அதை மறந்தும் போனாள்.

ஜூன் மாதத்தில் பாலர் பள்ளியிலிருந்து போன் வந்தது. செப்டம்பரிலிருந்து லோவ்ரோவுக்கு ஒரு இடம் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அவள் முற்றத்தில் புளிப்புச் செர்ரிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெண்கள் அதற்குக் கொண்டை ஊசியைத்தான் வைத்துக்கொள்வார்கள். வளைந்த பக்கத்தைக் காம்புக்குழியில் விட்டு ஒரு சுண்டு சுண்டினால் கொட்டை தெறித்து வெளியே வரும். சாறு முழங்கை வரை வழியும். பார்க்கிறவனுக்கு இங்கே ஏதோ கொலை நடந்தாற்போல் இருக்கும். எதிர்வீட்டு சான்யாவுக்கு அன்று வார விடுமுறை. தன்னுடைய ஊசியை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்து உட்கார்ந்தாள். சான்யா சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்காருகிறவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரே பையன் ரோக்கோ. அவனும் லோவ்ரோ வயதுதான், அவனுக்கும் பேச்சு வரவில்லை. இரண்டு பையன்களும் செர்ரி மரத்தடியில் ஒரு வார்த்தை பேசாமல் சமர்த்தாக விளையாடுவார்கள். சண்டை வந்தால் மட்டும் கத்துவார்கள்.

"போன் வந்துச்சு" என்றாள் மிரேலா.

சான்யா கையை நிறுத்தினாள். "பேச்சுக் குழுவிலிருந்தா?"

"ம்."

"அப்புறம் என்னடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? லாட்டரி விழுந்த மாதிரி இது."

"அனுப்பினா சம்பளம் நின்னுடும்."

சான்யா இன்னும் நாலைந்து செர்ரிக்குக் கொட்டை எடுத்தாள். பிறகு, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள்.

"கோவிச்சுக்கிற மாதிரிதான் சொல்லப்போற, சொல்லித் தொலை."

"நான் கல்லாவுல உக்காந்து உக்காந்து முதுகு ஒடிஞ்சு வர்றேன். வந்து சமைக்கிறேன், துவைக்கிறேன், ரோக்கோவைக் குளிப்பாட்டுறேன். இதுக்கு எனக்கு எவனும் காசு குடுக்கல. ஏன்னா எனக்கு ஒரு பிள்ளைதான். மூணு பெத்திருந்தா நானும் ஆளு. இதையெல்லாம் நினைச்சா உன்மேல எரிச்சலா வரும்டி, நிஜமாத்தான் சொல்றேன்."

"பெத்துக்கயேன். யாரு வேண்டாம்னா?"

"யாரை வச்சுப் பெத்துக்கிறது? உங்க மாமனாரையா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் சான்யா குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "லோவ்ரோவுக்கு அடுத்ததா ரோக்கோ பேருதான் இருக்கு. நீ வேண்டாம்னா எனக்குத்தான் லாபம். தெரிஞ்சேதான் சொல்றேன், அனுப்புடி. காசு போனா எப்படியாவது வரும். இவனுங்களுக்கு இந்த வயசு போனா திரும்ப வராதுன்னு அந்த டீச்சரம்மா எங்கிட்டயே சொன்னாங்க."

சான்யா நல்லவள். பக்கத்து முற்றத்திலிருந்து கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன், அன்று அவள் மனசறிந்துதான் அப்படிச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பேச்சு எழுந்தது. கோழி சூப், பிறகு வறுத்த கோழியும், வெந்நீரில் ஊறவைத்துக் கோழிக்கொழுப்பில் புரட்டிய காய்ந்த மெல்லிய ரொட்டித் துண்டுகளும். ஞாயிறென்றால் எங்கள் வீடுகளில் வேறு சமையல் கிடையாது. கிழவர் ஒயினில் சோடாவைக் கலந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி அறுத்து ஓய்வு பெற்றவர். தொழிற்சாலை மூடிப் பல காலம் ஆகியும், கோழியின் மூட்டு எங்கே இருக்கிறதென்று பார்க்காமலே கத்தி வைப்பார்.

"பேச்சு வரலேன்னு யாரு சொன்னது?" என்றார். "இவன் அப்பனே அஞ்சு வயசுலதான் வாயத் திறந்தான். இப்ப மூட முடியுதா?"

டலிபோர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"டாக்டர் சொல்லிருக்காருப்பா" என்றாள் மிரேலா. மாமனாரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"டாக்டர் கடன் கட்டுவாரா? நகராட்சி உனக்குச் சம்பளம் குடுக்குது. எதுக்குக் குடுக்குது? நீ நல்லா வளப்பேன்னு நம்பித்தானே? இங்க வளக்கத் தெரியல, நீங்களே பாத்துக்குங்கன்னு பிள்ளையக் கொண்டுபோய் விட்டா, அப்புறம் அவன் கேக்க மாட்டானா, இத்தனை நாள் என்னத்துக்கு வாங்கினேன்னு?"

கிழவர் கோழிக்காலை நோக்கிச் சொன்னதுதான். மிரேலாவுக்கு அது நேரே நெஞ்சில் போய்ச் சொருகியது. அவள் மனதுக்குள் ஒளித்துவைத்திருந்ததையே அல்லவா எடுத்து மேசையில் போட்டுவிட்டார். மூன்று வருஷமாக இது என் வேலை, இது என் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தவள். அந்த வேலையில் பிள்ளைக்கு ஒரு வார்த்தை பேசக் கற்றுக்கொடுக்க முடியவில்லை என்றால் அவள் எதற்கு?

"நீ என்ன சொல்ற?" என்று புருஷனைக் கேட்டாள்.

டலிபோர் நல்ல மனிதன்தான், குடித்துவிட்டு அடிக்கிறவன் இல்லை. ஆனால் முடிவு என்று வந்தால் ஓடு வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல் திருப்பிக்கொள்வான். "எனக்கு ஆகஸ்டுக்கு அப்புறம் வேலை இருக்கா இல்லையான்னே தெரியல" என்றான். "நீயே பாத்து முடிவு பண்ணு மிரேலா. உனக்குத்தான் தெரியும். நீதானே அவனோட இருக்க."

"அம்மா, நான் சொல்லட்டுமா?" என்றாள் பன்னிரண்டு வயது பெட்ரா. "அவனை அனுப்பும்மா. நாங்க ஸ்கூல்ல விளையாடுற மாதிரி அவனும் விளையாடுவான்."

"நீ சாப்பிடு" என்றார்கள் மூன்று பேரும் ஒன்றாக. அன்று மேசையில் மூவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

திங்கட்கிழமை மிரேலா போன் செய்து இடம் வேண்டாம் என்றாள். "நானே வீட்ல கத்துக் குடுக்கிறேன்" என்றாள். அந்தப் பக்கத்தில் இருந்த அம்மாள், "யோசிச்சுட்டீங்களா?" என்று ஒரு தரம் கேட்டாள். யோசித்துவிட்டதாக மிரேலா சொன்னாள்.

அந்தக் கோடை முழுக்க அவள் அந்தப் பிள்ளையோடு பட்ட பாடு சொல்லி மாளாது. படம் போட்ட அட்டைகள் வாங்கினாள். மாவு பிசையும்போது அவன் கையையும் மாவில் அழுத்தி, "மாவு, சொல்லு, மாவு" என்பாள். கொடியில் துணி காயப் போடும்போது ஒவ்வொரு துணியாகக் காட்டுவாள், இது சட்டை, இது சாக்ஸ், இது அப்பாவோட பேன்ட். லோவ்ரோ அவள் உதட்டையே பார்ப்பான். அவன் உதடும் அசையும். சத்தம் வராது. வெயிலில் நின்று தொண்டை காய்ந்து, ஒருநாள் அவனைத் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "ஏதாவது சொல்லேன்டா. வேண்டாம்னாவது சொல்லித் தொலையேன்." பையன் அழவில்லை. கொடியிலிருந்து ஒரு சாக்ஸை இழுத்து அவள் கையில் கொடுத்தான். அம்மாவுக்கு வேண்டியது அதுதான் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவள் அந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பரில், குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸை உப்பில் ஊறப்போடுகிற பருவத்தில், சம்பளம் போயிற்று. நகராட்சிக்குப் புது ஆட்கள் வந்திருந்தார்கள். புது ஆட்களுக்குப் புதுக் கணக்கு. இந்தக் காசில் பாலர் பள்ளி கட்டினால் ஊருக்கே பிரயோசனம் என்றார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்றால் யார்தான் மறுப்பார்கள்? சம்பளத்தை வெட்டிவிட்டு, சமாதானத்துக்கு ஒரு சின்னத் தொகை தருவோம் என்றார்கள். அது கடனில் கால்வாசிக்கும் காணாது.

நகராட்சி முன்னால் சதுக்கத்தில் அம்மாமார் கூடினார்கள். மிரேலாவும் லோவ்ரோவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. டிராமிலிருந்து இறங்கிய ஒரு பெண், நல்ல கம்பளிக்கோட்டுப் போட்டவள், நின்று பார்த்துவிட்டு, "நாங்கெல்லாம் வேலையும் பாத்துப் பிள்ளையும் வளக்கலியா? போய் வேலை தேடுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். யாரோ பின்னாலிருந்து அவளுக்குக் கெட்ட வார்த்தையில் பதில் சொன்னார்கள். அந்தப் பெண் சொன்னதைத் தப்பென்று சொல்லவும் மிரேலாவுக்கு வழி தெரியவில்லை, சரியென்று விழுங்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் கீழே பீப்பாய் காத்திருந்தது. நடுத்தண்டை வெட்டி எடுத்து, குழியில் உப்பு நிரப்பி, முழு முட்டைக்கோஸாக அடுக்கி, மேலே கல் வைத்து, உப்புத்தண்ணீர் ஊற்ற வேண்டும். டலிபோர் தூக்கிக் கொடுக்க, மிரேலா பாதி உடம்பைப் பீப்பாய்க்குள் விட்டு அடுக்கினாள்.

"காலையில சான்யா ரோக்கோவைப் பேச்சுக் குழுவுக்குக் கூட்டிக்கிட்டுப் போறதைப் பாத்தேன்" என்றான் டலிபோர். "மஞ்ச கலர் பூட்ஸ் போட்டு."

"தெரியும்."

"நீ போய்க் கேட்டுப் பாரேன். இப்பத்தான் சம்பளமே இல்லையே. இனிமே அவனை அனுப்பலாமே."

மிரேலா பீப்பாய்க்குள்ளிருந்தே பேசினாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. "ஜூன்ல நீ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்."

"நான் என்ன சொன்னேன்? உன்னையே முடிவு பண்ணச் சொன்னேன்."

"அதத்தான் சொல்றேன்."

டலிபோர் அடுத்த முட்டைக்கோஸை நீட்டினான். அவள் வாங்கி அடுக்கினாள். பீப்பாய் நிறைந்ததும் கல்லை அவளே தூக்கி வைத்தாள்.

பாலர் பள்ளித் தலைமை ஆசிரியை கடுகடுப்பானவள் அல்ல. நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, மிரேலா சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள். அதனாலேயே மிரேலாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

"உங்க நிலைமை புரியுதும்மா" என்றாள் அவள். "ஆனா இப்ப இடம் இல்ல. இனி செப்டம்பர்லதான் எடுப்போம். அதுலயும் அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைக்குத்தான் முதல் இடம். அவங்களுக்குப் பாத்துக்க ஆள் கிடையாது பாருங்க. நீங்க வீட்லதான் இருக்கீங்க."

"நான் வீட்ல இருந்தது வேலைன்னுதானே சம்பளமே குடுத்தீங்க."

"நாங்க குடுக்கல, நகராட்சி குடுத்துச்சு."

"இப்ப அது வேலை இல்லியா?"

ஆசிரியை காப்பியைக் கலக்கினாள்.

"அப்ப நான் ஒரு வேலைல சேந்துட்டா செப்டம்பர்ல குடுப்பீங்களா?"

"சாதாரண வகுப்புல கிடைக்கலாம். பேச்சுக் குழுவுல அஞ்சு வயசு வரைக்கும்தான் சேப்போம். அப்ப உங்க பையனுக்கு அஞ்சு தாண்டியிருக்கும்." பிறகு, போகிற ஆளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாதவள் போல, "நீங்க பள்ளிக்கூடச் சமையல்ல இருந்தவங்கதானே?" என்று கேட்டாள். "எங்க சமையல்காரம்மா இடுப்பு முறிஞ்சு கெடக்காங்க. தற்காலிகம்தான், அவங்க வர்ற வரைக்கும். விருப்பம்னா திங்கக்கிழமையே வரலாம்."

நிரந்தர வேலையை விட்டவளுக்குத் தற்காலிக வேலை. மிரேலா ஒப்புக்கொண்டாள். கடன்காரன் விருப்பம் கேட்டா வருகிறான்?

லோவ்ரோவைப் பார்த்துக்கொள்ள கிழவர்தான் இருந்தார். "எனக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்று முதல் நாள் கேலி செய்தார். மருமகள் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் கேலி அத்தோடு போயிற்று. பாவம், அவரும் என்ன செய்வார். காலையில் டிவியைப் போட்டுவிட்டு உட்காருவார். பனிச்சறுக்குப் போட்டி ஓடும், சமையல் ஓடும், சண்டை போடுகிற அரசியல்வாதிகள் ஓடுவார்கள். பக்கத்தில் லோவ்ரோ. சாயங்காலம் மிரேலா வரும்போது இரண்டு பேரும் காலையில் விட்டுப்போன இடத்திலேயே இருப்பார்கள். பையன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுப்பான். முன்னெல்லாம் "ம்ம்" என்றாவது இழுப்பான். இப்போது அதுவும் குறைந்துபோயிருந்தது. "சமத்தா இருக்கான்மா, ஒரு தொந்தரவு இல்ல" என்பார் கிழவர்.

பாலர் பள்ளிச் சமையலறை சின்னதுதான். காலையில் பால் காய்ச்சி ரொட்டிக்குப் பழப்பாகு தடவுவது, பிறகு காய் நறுக்குவது, பெரிய பாத்திரத்தில் சூப், தள்ளுவண்டியில் வைத்து வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்ப் பரிமாறுவது. கை வேலையை மறக்கவில்லை. பேச்சுக் குழுவின் அறை நடைவழியின் கோடியில் இருந்தது. முதல் வாரம் அந்த அறைக்கு மட்டும், சமையலறையில் உதவிக்கு இருந்த பெண்ணை அனுப்பிவிட்டு, மிரேலா மற்ற வகுப்புகளுக்குப் போனாள். அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். வேறு வழியில்லாமல் இவளே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஆறு பிள்ளைகள், குட்டையான ஒரு மேசை, சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்து வாயைக் குவித்து, உதட்டைக் கடித்து, நாக்கை மடித்துப் பழகுவார்களாம். மிரேலா கொடியடியில் நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தாளே, பிள்ளை தன் வாயைத் தானே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? டீச்சர் ஒரு பையனை மூக்கு சிந்த வைக்கக் கூட்டிப்போயிருந்தாள். மிரேலா தட்டுகளை வைத்து சூப்பை ஊற்றிக்கொண்டு வந்தாள். கடைசி நாற்காலியில் ரோக்கோ இருந்தான், எதிர்வீட்டு ரோக்கோ, கத்துவதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் செர்ரி மரத்தடியில் கிடந்தவன்.

"அத்தை" என்றான்.

அவள் கரண்டி அப்படியே நின்றது.

"அத்தை, எனக்குக் கேரட் வேண்டாம். எடுத்துடுங்க."

கொஞ்சம் மழலை இருந்தது, ஒன்றிரண்டு எழுத்து வழுக்கியது. ஆனால் முழு வாக்கியம். மிரேலா குனிந்து, பிள்ளைகளுக்கான அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கால் மார்பு வரை வந்தது. கரண்டியால் கேரட்டை ஒவ்வொரு துண்டாக எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"ஏன்டா கண்ணு, கேரட் பிடிக்காதா?"

"பிடிக்காது."

"வேற என்ன பிடிக்காது?"

ரோக்கோ யோசித்தான். இப்படி யாரும் அவனை இதுவரை கேட்டதில்லை போல. "கீரை பிடிக்காது. மீன் பிடிக்காது. தலைக்கு ஊத்துறது பிடிக்காது. அம்மா கடைக்குப் போறது பிடிக்காது."

"அப்புறம்?"

"நாய் குரைக்கிறது பிடிக்காது."

"அப்புறம் சொல்லு. சொல்லுப்பா, அத்தை கேக்கிறேன்."

கேரட் எல்லாம் எடுத்தாகிவிட்டது. வண்டியில் இருந்த பாத்திரம் ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பசியில் மேசையைத் தட்டுகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. டீச்சர் திரும்பி வந்து வாசலில் நின்று, "என்னம்மா, உடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். மிரேலா எழுந்திருக்கவில்லை. ரோக்கோவின் வாயையே பார்த்துக்கொண்டு, "அப்புறம்? வேற என்ன பிடிக்காது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.